கூச்சம் வெளியே வரும் வரை

தொடக்கூடாது, அவ்வளவுதான், தொடாமல் இருப்பது என்ன பெரிய கம்பசூத்திரமா என்று நல்லசிவம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான், சொல்லி முடிக்கவில்லை, கட்டைவிரல் நுனியில் குறுகுறுவென்று வந்துவிட்டது, வேறு எந்த விரலுக்கும் வராத அரிப்பு இதற்கு மட்டும் இப்போது பார்த்து வரவேண்டுமா. மடியில் சாம்பிள் பை, பைக்கு மேல் செல்போன், செல்போனுக்குள் பச்சைப்பசேலென்று ஒரு தீவு, தீவில் குளம், குளத்தங்கரையில் மரப்பெஞ்சு, பெஞ்சில் வைக்கோல் தொப்பி போட்ட ஒரு பொடியன், அந்தப் பொடியன்தான் நல்லசிவம். பொடியனுக்குப் பின்னால் புல்லில் வரிசையாகப் பணியாரம், முறுக்கு, போளி, சுண்டல், சீடை, எல்லாம் இந்த விளையாட்டில் அவன் சேர்த்த பிராணிகள், உருண்டை உருண்டையாக, இரண்டு கண்ணும் ஒரு வாலுமாக, மூச்சு வாங்கி மூச்சு விட்டுக்கொண்டிருந்தன. பணியாரம் வழக்கம்போலத் தூங்கிவிட்டது. இன்னும் ஒன்று வரவேண்டும். ஒன்றே ஒன்று. குளத்தங்கரைத் தவளை சொன்னது இதுதான்: பெஞ்சில் உட்கார், எதையும் செய்யாதே, எதையும் தொடாதே, அதற்கு எப்போது தைரியம் வருகிறதோ அப்போது வரும். எவ்வளவு நேரம் என்று தவளை சொல்லவில்லை, சொன்னால் தவளைக்கு என்ன குறைந்துவிடும். போகட்டும், உட்கார்ந்திருப்பதைப் பற்றி நல்லசிவத்துக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. கரூரில் காது மூக்கு தொண்டை டாக்டர் வசுமதியின் கிளினிக் வராந்தாவில் அவன் இப்போது இருப்பதும் உட்காரத்தான். மருந்துக் கம்பெனி ரெப் என்றால் பேசிப் பேசி ஆளைக் கவிழ்க்கும் வேலை என்று ஊரார் நினைக்கிறார்கள், பேசுவதெல்லாம் டாக்டர் கை கழுவும் நேரம், மிச்சம் முழுக்க உட்காருவதுதான், கடைசி நோயாளி மருந்துச் சீட்டோடு வெளியே வரும்வரை டை கட்டிக்கொண்டு, ஷூவுக்குள் விரல் வெந்துகொண்டு, உட்காருவது. உள்ளே கூப்பிட்டால் அங்கே நிற்பது. உள்ளே ஒரு ஸ்டூல் உண்டு, அது நோயாளிக்கு, இத்தனை வருஷத்தில் எந்த டாக்டரும் எந்த ரெப்பையும் அதில் உட்காரச் சொன்னதாக அவன் கேள்விப்பட்டதில்லை.

குளம் அசையவில்லை. தண்ணீரில் ஒரு தாமரை இலை, இலையில் ஒரு தட்டான். இப்போது போன் மட்டும் வந்துவிடக்கூடாது, போன் வந்தால் எல்லாம் போச்சு, போன வாரம் அப்படித்தான் ஆயிற்று, தண்ணீருக்கு மேலே ஒரு காது நுனி, ஒரே ஒரு இளஞ்சிவப்புக் காது நுனி எட்டிப் பார்த்தது, பார்த்ததா, அதே நொடியில் திரை முழுக்க மேனேஜர் பேர், எங்கேப்பா இருக்கே என்று கேட்க, எங்கே இருப்பான், எங்கே இருக்கச் சொன்னாரோ அங்கேதான் இருந்தான். திரும்பி வந்து பார்த்தால் குளம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. ஃபிளைட் மோடில் போட்டுவிட்டால் ஒரு தொல்லையும் இல்லை, விரல் ஒருமுறை அதுவரைக்கும் போனது, போய்த் திரும்பி வந்தது. வெங்கமேட்டு வீட்டில் கோகிலவாணி தனியாக இருக்கிறாள், எட்டாம் மாசம் முடியப்போகிறது, அவள் கூப்பிடும்போது இவன் போன் அணைந்து கிடந்தால், கிடந்தால் என்ன, ஒன்றும் ஆகாது, பக்கத்து வீட்டு அக்கா இருக்கிறார், ஆட்டோ நம்பர் ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கிறது, இருந்தாலும் கிடக்கக்கூடாது. ஆக போனும் வரக்கூடாது, வந்தால் எடுக்காமலும் இருக்கக்கூடாது, நல்ல பிழைப்பு. தட்டான் இறக்கையை ஒருதரம் தட்டிக்கொண்டது. அவனுக்குச் சிரிப்பு வந்தது, சிரித்தால் வயிறு குலுங்கும், வயிறு குலுங்கினால் பை, பை குலுங்கினால் போன், போன் சரிந்தால் பிடிக்க விரல் போகும், ஆகவே சிரிப்பை மூக்கு வழியாக மெல்ல விட்டான்.

முப்பத்து மூன்று வயசு எருமைக்கு விளையாட்டென்ன என்று அவன் அப்பா கேட்டார், கேட்கட்டும். இந்த விளையாட்டின் விலை ஒரு பிளேட் பரோட்டாவுக்குக்கூட வராது, எங்கேயோ ஒரு ஊரில் இரண்டே பேர் உட்கார்ந்து செய்தது, முடிவில் நன்றி சொல்லும் இடத்தில் தங்கள் பூனைக்கு நன்றி என்று போட்டிருந்தார்கள், அதைப் பார்த்ததும் அவனுக்கு அந்த இரண்டு பேர்மேலும் அப்படி ஒரு பிரியம் வந்துவிட்டது. இதை முதலில் கண்டுபிடித்தவள் கோகிலாதான். போன தடவை, அந்தத் தடவை, நாலாம் மாசத்தில் தங்காமல் போனபிறகு, அவள் சுவரைப் பார்த்துப் படுத்தவள் படுத்தவள்தான், சாப்பாட்டைத் தட்டோடு திருப்பி அனுப்புவாள், என்ன கேட்டாலும் உம். அவனும் என்ன செய்வான், காலையில் டை கட்டிக்கொண்டு போய்க் காது சொட்டு மருந்தின் அருமை பெருமைகளைச் சொல்லிவிட்டு வருவான். ஒரு சாயங்காலம் வாசலில் ஒரு ஷூவைக் கழற்றி இன்னொன்றைக் கழற்றுவதற்குள் உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம். அவள் சிரிப்பு. டிவி ஓடவில்லை, யாரும் வரவில்லை. ஒரு காலில் ஷூவோடு அப்படியே நின்று கேட்டான், உள்ளே போனால் நின்றுவிடுமோ என்று பயமாக இருந்தது. அப்புறம் போய்ப் பார்த்தால் செல்போனில் ஒரு உருண்டைப் பிராணி ஒரு பெரிய கரடிக்குக் கிச்சுக்கிச்சு மூட்டுகிறது, இந்த விளையாட்டில் சண்டையென்றால் அவ்வளவுதான், யாரும் சாவதில்லை, எதிரிக்குச் சிரிப்பு வந்துவிட்டால் அது தோற்றது, தோற்றதும் போய்ப் படுத்துத் தூங்கிவிடும். கரடி விழுந்து புரண்டு சிரித்தது, கூடவே அவளும். அன்றைக்கு ராத்திரியே அவனும் தன் போனில் ஏற்றிக்கொண்டான்.

பிராணி ஒவ்வொன்றும் நம்மோடு சேரும்போது என்ன பேர் வைக்கிறாய் என்று கேட்கும், அங்கேதான் இருவரும் ஒரே இடத்தில் முட்டிக்கொண்டு நின்றார்கள். பேர் என்றாலே இருவரும் பேச்சை மாற்றிவிடுவார்கள். போன தடவை பேர் வைத்திருந்தார்கள். நிஜப் பேர் இல்லை, கூப்பிடுகிற பேர், ஆணானாலும் பெண்ணானாலும் பொருந்துகிற மாதிரி ஒரு சின்னப் பேர், காலையில் அவன் வேலைக்குக் கிளம்பும்போது வயிற்றைப் பார்த்து அந்தப் பேரைச் சொல்லித்தான் போய்வருகிறேன் என்பான். எல்லாம் முடிந்து ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றைக்கு அவன் அம்மா அடுப்படியில் நின்றுகொண்டு, வர்றதுக்கு முந்தியே பேரு வெச்சுக் கூப்பிட்டா அது எப்படித் தங்கும் என்று சொன்னாள், கெட்ட எண்ணத்தில் சொன்னதில்லை, பாவம், அவளுக்கும் அழுகைதான், ஆனால் சொன்னது சொன்னதுதான், கோகிலா காதிலும் விழுந்தது. அவன் பி.எஸ்ஸி. வேதியியல் படித்தவன், இதையெல்லாம் நம்புகிற ஆளில்லை. பயம் என்ன, படிப்பைக் கேட்டுக்கொண்டா வருகிறது. அதற்குப் பிறகு அந்தப் பேரை அவனும் சொல்லவில்லை, அவளும் சொல்லவில்லை. இப்போது வயிற்றில் இருப்பதை இது என்கிறார்கள், உள்ளே இருக்கிறது என்கிறார்கள், ஒரு சட்டைகூட வாங்கி வைக்கவில்லை. பிராணிகளுக்குப் பலகாரப் பேராகப் போட்டுத் தப்பித்துக்கொண்டார்கள். அவளிடம் இருப்பதும் பணியாரம், அவனிடம் இருப்பதும் பணியாரம், இருவருடையதும் தூங்குமூஞ்சி.

கடைசிப் பிராணிக்கு மட்டும் படம் கிடையாது, சேகரிப்புப் பக்கத்தில் ஒரு வெற்று வட்டம்தான். கூச்சக்காரி என்றாள் அவள், கூச்சக்காரன் என்றான் இவன், ஒரு நாள் முழுக்கச் சண்டை, கடைசியில் கூச்சம் என்று வைத்துச் சமாதானமானார்கள். அந்தச் சமாதானத்தின்போதுதான் பந்தயமும் வந்தது, எப்படி வந்தது என்று இப்போது யோசித்தால் பிடிபடவில்லை, அவன் அப்பா குலசாமி பேர்தான் என்று ஒற்றைக்காலில் நிற்க, காங்கேயத்தில் அவள் வீட்டார் ஜோசியர் சொன்ன எழுத்தில்தான் என்று நிற்க, இவள் பப்படத்தை நொறுக்கிக்கொண்டே, ரெண்டு பேரும் சும்மா இருக்கட்டும் மாமா, நம்மில் யார் முதலில் கூச்சத்தைப் பிடிக்கிறோமோ அவங்க வைக்கிற பேர்தான் பேர், பிறந்தப்புறம் என்றாள். பிறந்தப்புறம் என்பதைக் கொஞ்சம் அழுத்திச் சொன்னாள். அவன் சரி என்றான். சொன்னபிறகுதான் உறைத்தது, அவள் பேர் என்ற சொல்லைத் தானாக எடுத்து வெகுநாள் ஆயிற்று. வருகிற ஞாயிற்றுக்கிழமை வளைகாப்பு, அன்றைக்கே வளையல் குலுங்க அவளைக் காங்கேயத்துக்குக் கூட்டிப் போய்விடுவார்கள், அதற்குள் பிடிக்கவேண்டும். அவளும் தினம் மத்தியானம் முயற்சி செய்கிறாள், ஆனால் போனை வயிற்றின்மேல் வைத்துக்கொண்டுதான் படுப்பேன் என்பாள், உள்ளே இருப்பது சும்மா இருக்குமா, சரியாகக் காது நுனி தெரிகிற நேரம் ஒரு உதை, போன் எகிறும், இவள் பிடிப்பாள், கூச்சம் ஓடும். நேற்றைக்குக்கூட, உங்க பிள்ளையே உங்களுக்கு ஓட்டுப் போடுது மாமா, ரெண்டு பேரும் கூட்டுக் களவாணிங்க என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். அவனுக்கு ஜெயிக்கவேண்டும். ஜெயித்து என்ன பேர் வைப்பான், தெரியாது, அந்த இடத்துக்குப் போனாலே மனசு வண்டிமாடு மாதிரி நின்றுகொள்கிறது. ஆனாலும் ஜெயிக்கவேண்டும்.

தட்டானைக் காணோம். அட, தட்டான் எங்கே. இலை மெல்ல ஆடியது. அவன் மூச்சைப் பிடித்தான், அந்த நேரம் பார்த்து டாக்டர் அறைக் கதவு திறந்தது, வராந்தாவில் இருந்த ரெப்புகள் எல்லாரும் எழுந்து நின்றார்கள். இதுதான் இந்தத் தொழிலின் வியாதி. டாக்டர் கதவு திறந்தால் ரெப் எழுந்திருப்பான், டாக்டரா நோயாளியா காற்றா என்றெல்லாம் உடம்பு பார்ப்பதில்லை, கதவுச் சத்தம் கேட்டதும் முழங்கால் தானாக நிமிரும், கல்யாண வீட்டில் சமையலறைக் கதவு திறந்ததற்கு எழுந்து நின்று மச்சான்கள் முன்னால் மானம் போன கதை அவனுக்கு உண்டு. முந்தாநாள் கூச்சத்தை விட்டதும் இப்படித்தான், கதவு, எழுந்தான், போன் சரிந்தது, பிடித்தான், போச்சு. இன்றைக்கு அவன் எழவில்லை. எழவில்லை என்று சொல்வது சுலபம், தொடை இரண்டும் துடித்தன, ஏதோ தப்புச் செய்கிறோம் என்று இருந்தது, பள்ளிக்கூடத்தில் தேசியகீதத்துக்கு உட்கார்ந்திருப்பது போல. வெளியே வந்தது மூக்கில் கொண்டைக்கடலை போட்டுக்கொண்டு உள்ளே போன சின்னப்பெண், எடுத்த கடலையைக் காகிதத்தில் மடித்துக் கையில் வைத்துக்கொண்டு, எதையோ ஜெயித்த நடையோடு போனாள்.

பக்கத்தில் நின்ற ஜெபராஜ் அண்ணன் மட்டும் திரும்ப உட்காரவில்லை. போட்டிக் கம்பெனிக்காரர், தலை முழுக்க நரை, இவனுடைய சொட்டு மருந்தை நாலு ஜில்லாவிலும் விற்கவிடாமல் அடிப்பவர், வராந்தாவில் சொந்த அண்ணன் மாதிரி. கதவு திறந்தும் எழாத ரெப்பை அவர் பார்த்ததில்லை போலும், குனிந்து இவன் முகத்தைப் பார்த்தார், சர்க்கரை இறங்கிவிட்டதா என்றார், நெஞ்சு ஏதும் அடைக்கிறதா என்றார், பையிலிருந்து புளிப்பு மிட்டாயை உரித்து வாயைத் திற என்றார். மிட்டாய்க் காகிதம் போனுக்கு ஒரு சாண் மேலே நடுங்கிக்கொண்டிருந்தது.

"அண்ணா, தொட்டுறாதீங்க," என்றான் நல்லசிவம், உதட்டைப் பாதி மட்டும் அசைத்து. "நான் அசைஞ்சா அது ஓடிப்போயிரும்."

எது ஓடிவிடும் என்று அவர் குனிந்து பார்த்தார், அந்தப் பக்கமிருந்து சலாவுதீனும் பார்த்தான், இந்த வேலைக்குப் புதுசாக வந்தவன், பார்த்ததும் கண்டுகொண்டு, அடேயப்பா கடைசிதானே, என் மச்சினி ரம்ஜான்லேர்ந்து உட்கார்ந்திருக்கா, இன்னும் வரலை என்று காதோடு சொன்னான். நல்லசிவம் பந்தயத்தை முணுமுணுத்தான். பேர் விஷயம் என்று மட்டும் சொன்னான், மற்றதைச் சொல்லவில்லை. ஆனால் ஜெபராஜ் அண்ணன் போன தடவை ஆஸ்பத்திரி வாசலில் அவனோடு நின்றவர், டீ வாங்கி வந்து கையில் திணித்தவர், அவருக்குச் சொல்லவா வேண்டும். அவர் நிமிர்ந்தார். அட்டெண்டர் சரசக்கா மேஜைமேல் ரெப்புகள் கொடுத்த கார்டுகள் வரிசைப்படி அடுக்காக இருந்தன, மேலே இருந்தது நல்லசிவம் கார்டு, நோயாளிகள் தீர்ந்துவிட்டார்கள், சரசக்கா அதை எடுத்துக் கம்பெனிப் பேரைக் கூப்பிட வாயெடுக்கும்போது அண்ணன் போய் அந்தக் கார்டை எடுத்து அடியில் சொருகிவிட்டு, இவனைக் கடைசியில கூப்பிடும்மா, இப்ப வேலையா இருக்கான் என்றார். வரிசையை விட்டுக்கொடுப்பதென்பது இந்த வராந்தாவில் நடக்காத விஷயம், சரசக்கா ஆளைப் பார்த்தாள், போனைப் பார்த்தாள், எழுந்து போய்ச் சத்தம் வராமல் கதவுக்குக் கீழே ஒரு துணியை மடித்து முட்டுக் கொடுத்தாள். சலாவுதீன் தலைக்கு மேலே ஓடிய மின்விசிறியைக் குறைத்தான், டை பறந்து திரைமேல் விழுந்துவிடுமாம். நல்லசிவத்துக்குக் கண் கலங்கியது, கலங்கினால் திரை தெரியாது, ஆகவே அதையும் அடக்கினான், இன்றைக்கு எத்தனையைத்தான் அடக்குவது.

அப்போது தண்ணீரில் ஒரு குமிழ். இன்னொரு குமிழ். காது நுனி. இன்னொரு காது. நடுவே நெற்றி, நெற்றியில் ஒட்டிய பாசி, அப்புறம் இரண்டு கண், சுற்றும் முற்றும் பார்த்தது, தொப்பிக்காரப் பொடியனைப் பார்த்தது, உள்ளே போய்விட்டது. போய்விட்டதா. இல்லை, கரைக்குப் பக்கத்தில் வந்து தலையை நீட்டியது. என்ன சின்ன உருவம், சீடையைவிடச் சின்னது, உடம்பு முழுக்க நடுங்கிக்கொண்டு, ஒரு அடி வைக்கும், நிற்கும், திரும்பிக் குளத்தைப் பார்க்கும், ஒரு அடி வைக்கும். வா, என்றான் மனசுக்குள், வா, ஒன்றும் செய்யமாட்டோம், இங்கே யாரும் ஒன்றும் செய்யமாட்டார்கள், பணியாரம் தூங்குது பார், முறுக்குக்குக் கோபம் வரும் ஆனால் நல்லது, வா, எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் எடுத்துக்கோ, நாங்கள் இருக்கிறோம். யாரைச் சொல்கிறான் என்று அவனுக்கே தெரியவில்லை. அது பெஞ்சுக்குக் கீழே வந்துவிட்டது. முன்னங்கால் ஒன்றைப் பெஞ்சின் மேல் வைத்தது. சந்தோஷத்தில் காதெல்லாம் சூடாகிவிட்டது அவனுக்கு, ஜெபராஜ் அண்ணன் தோளைப் பிடித்த பிடியில் வலித்தது, அதுவும் சந்தோஷமாக இருந்தது.

திரையில் கோகிலவாணி பேர் வந்தது.

அவன் யோசிக்கவே இல்லை. இத்தனை நேரம் ஒரு கட்டைவிரலை வைத்துக்கொண்டு உலகத்தையே யோசித்தவன், முதல் மணி அடித்து முடிவதற்குள் எடுத்துக் காதில் வைத்திருந்தான். பக்கத்தில் சலாவுதீன் தலையில் கை வைத்துக்கொண்டான்.

"மாமா, பயப்படாதீங்க, ஒண்ணுமில்லை," என்றாள் முதல் வார்த்தையாக. குரல் அழுகிற குரல். "வந்து உட்கார்ந்துக்கிச்சு மாமா. கூச்சம். இன்னிக்கு உள்ளே தூங்கிருச்சு, உதைக்கவே இல்லை, பெஞ்சுல ஏறி என் பக்கத்துல உட்கார்ந்து தலையைச் சாய்ச்சுக்கிச்சு."

ஜெயிச்சுட்டியா என்றான். ஜெயிச்சுட்டேன் என்றாள். பேர் கேட்டுதா என்றான், கேட்டபிறகுதான் தான் கேட்டதே தெரிந்தது. அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் மூக்குறிஞ்சும் சத்தம்.

"சிட்டுன்னு போட்டுட்டேன் மாமா."

போன தடவை வைத்திருந்த அந்தப் பேர். சமையலறை ஜன்னலில் வந்து தானியம் கொத்துவதைக்கூட இருவரும் வெறுமனே குருவி என்றுதான் இவ்வளவு நாள் சொல்லி வந்தார்கள். வராந்தா, மின்விசிறி, ஜெபராஜ் அண்ணன் கை எல்லாம் எங்கேயோ போய்த் திரும்பி வந்தன. பேச்சை மாற்ற வாயெடுத்தான், மாற்றவில்லை. அவள் பேசிக்கொண்டே இருந்தாள், கை தானாகப் போட்டுவிட்டதாம், போட்டதும் பயந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டாளாம், பிடித்த கைமேலேயே உள்ளே இருப்பது எழுந்து ஒரு உதை விட்டதாம், இதுவரை விட்டதிலேயே பெரிய உதை, இப்போதும் உதைத்துக்கொண்டிருக்கிறதாம். சிட்டு, சிட்டுதான், இப்ப உள்ளே இருக்கிறது வேற, போனதுக்கு அதோட பேர் இருக்கட்டும், பணியாரம் முறுக்கு எல்லாத்தோடயும் சேர்ந்து வரிசையில வரட்டும் என்றாள். பந்தயத்துப் பேரை இதிலேயே செலவழித்துவிட்டதால் உள்ளே இருப்பதற்கு அவன்தான் யோசிக்கவேண்டுமாம், சாயங்காலம் வரும்போது யோசித்துக்கொண்டு வரவேண்டுமாம், வெறும் கையோடு வந்தால் கதவைத் திறக்கமாட்டாளாம். அவன் சரி சரி என்றான். போனை வைத்துவிட்டுப் பார்த்தான், அவனுடைய குளம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது, இலையில் தட்டான் திரும்ப வந்து உட்கார்ந்திருந்தது. இருக்கட்டும், நாளைக்கும் உட்காரலாம்.

ஓடிருச்சா என்று சலாவுதீன் துக்கம் கேட்கிற மாதிரி கேட்டான். வீட்டுக்குப் போயிருச்சு என்றான் நல்லசிவம். ஜெபராஜ் அண்ணன் முகத்தைப் பார்த்துவிட்டு உரித்து வைத்திருந்த மிட்டாயை இவன் வாயில் போட்டுவிட்டுத் தன் முறைக்கு உள்ளே போனார், பிறகு சலாவுதீன் போனான், பிறகு கதவு திறந்தது, நல்லசிவம் எழுந்தான், இந்தத் தடவை முழங்கால் நிமிர்ந்தது அவனுக்கே பிடித்திருந்தது. டாக்டர் வசுமதி வழக்கம்போல முதுகைக் காட்டிக்கொண்டு கை கழுவிக்கொண்டிருந்தார், சொல்லுங்க நல்லசிவம் என்றார். அவன் நின்றபடி காது சொட்டு மருந்துப் பக்கத்தைத் திறந்தான், வாய் நிறைய மிட்டாய், முதல் வரி தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரும், இன்றைக்கு வரவில்லை. டாக்டர் குழாயை மூடித் திரும்பிப் பார்த்தார்.

"எங்க சிட்டு வந்துருச்சுங்க டாக்டர்," என்றான்.

யார் சிட்டு, எங்கிருந்து வந்தது, அவருக்கு ஒன்றும் தெரியாது. துண்டில் கையைத் துடைத்துக்கொண்டே அவன் முகத்தைப் பார்த்தார். அப்புறம் அந்த ஸ்டூலைக் காலால் அவன் பக்கம் தள்ளி, உட்காருங்க, உட்கார்ந்து சொல்லுங்க என்றார். நல்லசிவம் பையைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தான். உட்காருவது அவனுக்குத் தெரிந்த வேலைதான்.